கணினி முதல் நொடியிலேயே பேசட்டும்

பார்வையற்ற ஒருவருக்காகக் கணினியைத் தயார் செய்யும்போது பெரும்பாலும் நாம் பின்பற்றும் வரிசை இதுதான்: கணினியை வாங்குகிறோம், இயங்குதளத்தை நிறுவுகிறோம், தேவையான மென்பொருள்களை ஏற்றுகிறோம். எல்லாம் முடிந்த பிறகு, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைக் கடைசியாகச் சேர்க்கிறோம். அது பேசத் தொடங்கும் வரை நடந்த வேலை முழுவதையும் பார்வையுள்ள இன்னொருவர் செய்திருக்க வேண்டும். நாளை ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு குரல் நின்றுபோனால், அதே ஆளை மறுபடி தேட வேண்டும். கணினி அவருடையது, அதை எழுப்பும் உரிமை மட்டும் இன்னொருவர் கையில்.

பார்வையற்றவருக்குக் குரல்தான் திரை. திரையில்லாத கணினியை முழுமையான கணினி என்று யாரும் விற்பதில்லை. குரலில்லாத கணினியை மட்டும் அப்படிச் சொல்லி ஏன் கொடுக்கிறோம்? இந்தக் கேள்வியை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே கேட்ட ஒரு முயற்சி ஜெர்மனியில் நடந்தது. பேசும் டெஸ்க்டாப் எப்படி அமைய வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அட்ரியானே

ஜெர்மானியப் பொறியாளர் கிளவுஸ் க்னாப்பர் 2000-ஆம் ஆண்டில் க்னாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் வெளியீட்டைக் கொண்டுவந்தார். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட அதன் சிறப்பு, வன்தட்டில் எதையும் நிறுவாமல் ஒரு குறுந்தகட்டிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும் என்பது. கணினியில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்பதை அதுவே கண்டறிந்து தன்னை அமைத்துக்கொள்ளும். பழுதான கணினியிலிருந்து கோப்புகளை மீட்க உலகம் முழுவதும் பலர் அதைப் பயன்படுத்தினார்கள்.

க்னாப்பரின் மனைவி அட்ரியானே பார்வைக் குறைபாடு உள்ளவர். பார்வையுள்ளவர் துணையின்றிக் கணினியைப் பயன்படுத்த ஒரு சூழல் வேண்டும் என்ற நோக்கத்தில், அவருடைய பங்களிப்போடு உருவான ஒலிவழி டெஸ்க்டாப்புக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 2008-இல் வெளிவந்த க்னாப்பிக்ஸ் 5.3 பதிப்பில் அது இடம்பெற்றது. நேரே அட்ரியானேயில் தொடங்கும் தனிப் பதிப்புகளும் பின்னர் வந்தன. அதன் உள்ளே திரையைப் படித்துச் சொல்லும் எஸ்பிஎல் என்ற மென்பொருள், நியூரம்பெர்க்கைச் சேர்ந்த சுசே லினக்ஸ் நிறுவனத்தின் பிளைனக்ஸ் திட்டத்தில் பிறந்தது. அதை எழுதியவர் மார்கோ ஸ்கம்பிராக்ஸ்.

கணினி தொடங்கும்போது ‘அட்ரியானே’ என்று தட்டச்சு செய்தால் போதும். சற்று நேரத்தில் ஒரு குரல் பேசும். ஒரு பட்டியலை முன்வைக்கும். இணையம், மின்னஞ்சல், தொலைபேசி எண்கள், குறிப்புகள், கோப்புகள், இசை, அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து வாசித்தல் எனப் பட்டியல் நீளும். மேல் அம்பு, கீழ் அம்பு விசைகளால் நகர்ந்தால் ஒவ்வொரு வரியும் வாசிக்கப்படும். என்டர் விசை உள்ளே அழைத்துச் செல்லும். மவுஸ் தேவையில்லை, ஐகான் கிடையாது, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும் சாளரங்களும் கிடையாது.

குறுந்தகட்டிலிருந்தும் பின்னர் யுஎஸ்பி குச்சியிலிருந்தும் இயங்கும் தன்மைக்கு, பார்வையற்றவர் வாழ்க்கையில் தனிப் பொருள் உண்டு. நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ இருக்கும் கணினியில் அவருக்குப் பழகிய ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் இருக்காது. நிறுவ அனுமதியும் கிடைக்காது. யுஎஸ்பி குச்சியிலிருந்து தொடங்க அந்தக் கணினி இடம் கொடுத்தால், தனக்குப் பழகிய குரல், வேகம், தன் கோப்புகள் எல்லாவற்றையும் சட்டைப்பையில் எடுத்துச் சென்று அங்கே இயக்கலாம். வேலை முடிந்து குச்சியைப் பிடுங்கினால் அந்தக் கணினி பழையபடி இருக்கும்.

காதுக்கான ஒழுங்கு

கண் ஒரு திரையை ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ளும். மேலே பட்டியல், நடுவில் கடிதம், மூலையில் கடிகாரம் என இடத்தைக் கொண்டே எது என்ன என்று அறியும். காதுக்கு அப்படிப்பட்ட இடம் கிடையாது. நேரம் மட்டும்தான் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அது எதையும் பெறும். கண்ணுக்காகப் பரப்பி வைத்த நாற்பது பொருள்களை ஒரு குரல் வரிசையாகச் சொன்னால், வேண்டியது முப்பத்தெட்டாவதாக வரும்போது கேட்பவர் களைத்துப் போயிருப்பார்.

இதற்கு இரண்டு விதமான தீர்வுகள் உண்டு. முதல் வழியில், கண்ணுக்காகச் செய்த டெஸ்க்டாப்பை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் ஸ்கிரீன் ரீடரை இயக்குகிறோம். விண்டோஸில் ஜாஸ், என்விடிஏ ஆகியவையும் லினக்ஸில் ஓர்காவும் இப்படித்தான் வேலை செய்கின்றன. பார்வையுள்ள சக ஊழியர் பயன்படுத்தும் அதே மென்பொருளைப் பார்வையற்றவரும் பயன்படுத்தலாம் என்பது இதன் பெரும் பலன். இரண்டாவது வழியில், தொடக்கத்திலிருந்தே காதுக்காக ஒரு சூழலைக் கட்டுகிறோம். அட்ரியானே இந்த வகை.

இந்த இரண்டாவது வழியில் முன்னோடி ஒரு இந்தியர். புனேயைச் சேர்ந்த டி.வி.ராமன் 14 வயதில் பார்வையை இழந்தவர். மும்பை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1995-இல் அவர் வெளியிட்ட எமாக்ஸ்பீக், எமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பிக்கு உள்ளிருந்தே பேசும். திரையில் ஒரு மாத நாட்காட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வரி வரியாக வாசித்தால் ஏழேழு எண்களாக ஒலிக்கும். எந்த எண் எந்தக் கிழமை என்று விளங்காது. எமாக்ஸ்பீக் அந்த இடத்தில் கிழமை, தேதி, மாதம், ஆண்டு என்று முழுமையாகச் சொல்லும். திரையில் தெரியும் எழுத்தைக் கடந்து அதன் பொருளை அது வாசிக்கிறது.

இரண்டு வழிக்கும் எல்லைகள் உண்டு. அட்ரியானேயின் எழுத்துவடிவ உலாவி, செய்திக் கட்டுரையைத் தெளிவாகப் படிக்கும். பொத்தான்களும் படிவங்களும் ஜாவாஸ்கிரிப்டால் இயங்கும் இன்றைய வங்கித் தளத்தில் திணறும். அதனால்தான் அட்ரியானேயின் பட்டியலிலேயே, வரைகலை டெஸ்க்டாப்பை ஓர்காவோடு தொடங்கும் வழியும் வைக்கப்பட்டிருக்கிறது. புதியவர் எளிய பட்டியலில் தொடங்கி, தேவை வளர வளர அடுத்ததற்குப் போகலாம். பயிற்சி அளிப்பவர்கள் இந்த வரிசையைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

குரல் எந்த வழியாக வருகிறது

கணினி பேசவில்லை என்றால் ‘ஸ்கிரீன் ரீடர் கெட்டுவிட்டது’ என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒரு சொல் காதுக்கு வருவதற்குள் ஐந்து இடங்களைக் கடக்கிறது. லினக்ஸை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, பயன்படுத்தும் மென்பொருள். ‘இது பொத்தான், இதன் பெயர் அனுப்பு’ என்று அது வெளியே அறிவிக்க வேண்டும். இரண்டாவது, அந்த அறிவிப்பை எடுத்துச் செல்லும் ஏடி-எஸ்பிஐ என்ற தகவல் வழி. மூன்றாவது, ஓர்கா. வந்த தகவலில் எதை, எந்த வரிசையில் சொல்லலாம் என்று முடிவு செய்வது அதன் வேலை. நான்காவது, பேச்சை உருவாக்கும் பகுதி. ஸ்பீச் டிஸ்பேச்சர் என்ற இடையாள் வாக்கியத்தை வாங்கி, ஈஸ்பீக் போன்ற குரல் இயந்திரத்திடம் கொடுக்கிறது. ஐந்தாவது, ஒலியை ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ அனுப்பும் ஒலியமைப்பு.

ஆற்றில் தண்ணீர் இருந்தாலும் இடையில் ஒரு மதகு மூடியிருந்தால் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். இங்கும் அப்படியே. ஒரு மென்பொருளில் மட்டும் குரல் இல்லை என்றால் கோளாறு முதல் இடத்தில். எல்லாவற்றிலும் மௌனம், ஆனால் பாட்டு ஒலிக்கிறது என்றால் இரண்டாவது, மூன்றாவது அல்லது நான்காவது இடத்தில். பாட்டும் கேட்கவில்லை என்றால் ஐந்தாவது இடத்தில். மானிட்டரை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்ததும் ஒலி அந்தப் பக்கம் போய்விடுவது இந்த ஐந்தாம் இடத்துச் சிக்கல்தான். பார்வையுள்ளவர் இரண்டு சொடுக்கில் அதைச் சரிசெய்வார். பார்வையற்றவருக்கோ சரிசெய்யும் கருவியே பறிபோய்விட்டது. இந்த ஐந்து இடங்களையும் அறிந்தவர், உதவிக்கு வருபவரிடம் எங்கே பார்க்க வேண்டும் என்றாவது சொல்ல முடியும்.

அமைக்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் தொடக்கம். மின்சாரம் வந்ததும் இயங்கும் பயாஸ் அமைப்பு பேசாது. இயங்குதளம் எழுந்து ஒலியைத் தயார் செய்த பிறகுதான் குரல் வர முடியும். அந்த இடைவெளியைக் கடக்க ஓர் அடையாளம் வேண்டும். டெபியன் நிறுவியில் தொடக்கப் பட்டியல் தயாரானதும் ‘பீப்’ ஒலி கேட்கும். அப்போது ‘எஸ்’ விசையையும் என்டரையும் அழுத்தினால் நிறுவும் வேலை முழுவதும் பேச்சோடு நடக்கும். பார்வையற்றவர் தாமே ஒரு கணினியில் இயங்குதளத்தை நிறுவ இது வழி செய்கிறது.

அடுத்து நுழைவுத் திரை. கடவுச்சொல் கேட்கும் திரையும் அதன்பின் வரும் டெஸ்க்டாப்பும் வெவ்வேறு அமைப்புகளைக் கொண்டவை. டெஸ்க்டாப்பில் ஓர்கா தானாகத் தொடங்கும்படி வைத்துவிட்டு, நுழைவுத் திரையை மௌனமாக விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு இடத்திலும் தனித்தனியாக இயக்கி வைக்க வேண்டும். லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் சூப்பர், ஆல்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர்கா தொடங்கும். இதைப் பயனாளர் முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

பிறகு குரல். ஈஸ்பீக்கின் குரல் புதிதாகக் கேட்பவருக்கு இயந்திரத்தனமாகப் படும். மனிதக் குரலைப் பதிவு செய்து கோக்காமல், விதிகளைக் கொண்டு ஒலியை உருவாக்குவதால் வரும் தன்மை அது. ஆனால் அதனாலேயே அது சில எம்பி அளவில் அடங்குகிறது. விசையைத் தொட்டதும் பதில் சொல்கிறது. வேகத்தைப் பல மடங்கு கூட்டினாலும் எழுத்துகள் சிதையாமல் கேட்கின்றன. பழகிய பயனாளர்கள் பிறருக்குப் புரியாத வேகத்தில் கேட்டு வேலை செய்வார்கள். உதவி செய்ய வருபவர் ‘இனிமையாக இல்லையே’ என்று தன் காதை வைத்து முடிவு செய்யக் கூடாது. வேலைக்கு ஒரு விரைவான குரல், நாவல் படிக்க ஓர் இயல்பான குரல் என இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த விசையை அழுத்திய கணமே முந்தைய பேச்சு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் எவ்வளவு நல்ல குரலும் தொல்லைதான்.

நிறுத்தக்குறிகளை எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதும் ஆளைப் பொறுத்தது. நிரல் எழுதுபவருக்கு ஒவ்வொரு அடைப்புக்குறியும் கேட்க வேண்டும். கடிதம் படிப்பவருக்குக் காற்புள்ளிகளைச் சொல்லிக்கொண்டிருந்தால் பொருள் அறுபடும். ஓர்காவுக்குக் கட்டளையிடப் பயன்படும் ‘ஓர்கா விசை’ மேசைக்கணினியில் இன்சர்ட், மடிக்கணினியில் கேப்ஸ் லாக் என்று அமையும். பயனாளரின் விசைப்பலகைக்கு ஏற்ப அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மொழி இன்னொரு முக்கியமான இடம். ஜெர்மன் பக்கத்தில் ஆங்கிலப் பத்தி வந்தால் குரல் தானாக மாற, எந்தப் பகுதி எந்த மொழி என்று அந்தப் பக்கத்தை உருவாக்கியவர் குறித்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஆங்கிலம் ஜெர்மன் உச்சரிப்பில் உருண்டு வரும். தமிழ்த் தளங்களுக்கும் இதே விதிதான். ஈஸ்பீக், என்விடிஏ இரண்டிலும் தமிழ் உண்டு. சென்னை ஐஐடி தலைமையில் நடந்த இந்திய மொழிப் பேச்சுத் திட்டத்தில் தமிழ்க் குரலும் உருவானது. இவற்றின் பயன் முழுமையாகக் கிடைப்பது இணையப் பக்கங்களை எழுதுபவர்களின் கையிலும் இருக்கிறது.

தமிழில் எழுதுபவருக்குக் கூடுதலாக ஒரு தேவை உண்டு. ‘மனம்’, ‘மணம்’ போன்ற சொற்கள் குரலில் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். எழுத்து எழுத்தாகச் சொல்லச் செய்யும் விசைகள் இதற்குத்தான். இன்னும் உறுதியான துணை பிரெய்ல் காட்டி: சிறு ஊசிமுனைகள் எழுந்து தாழ்ந்து, திரையின் ஒரு வரியை விரலுக்குக் கொடுக்கும் கருவி. ஸ்டுட்கார்ட்டின் மெடெக், ஷ்வெர்ட்டேயின் பாப்பன்மையர் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் இந்தத் துறையில் பேர்பெற்றவை. லினக்ஸில் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் இதை இயக்குகிறது. ஒலியமைப்பு படுத்துவிட்டாலும் பிரெய்ல் வரி வந்துகொண்டிருக்கும். அதனால் இது இரண்டாவது உயிர்க்கோடு. விலை மிக அதிகம். ஜெர்மனியில் சட்டப்படியான மருத்துவக் காப்பீட்டின் கீழ் உதவிக்கருவியாக இதைப் பெற வழி உண்டு. நம் நாட்டில் பெரும்பாலோருக்கு எட்டாக் கனி.

கருவி வந்துவிட்டால் வேலை முடிந்ததாக ஜெர்மனி நினைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மார்பூர்கில் 1916-இல், முதல் உலகப் போரில் பார்வை இழந்தவர்களுக்காகத் தொடங்கிய கல்வி நிறுவனம் இன்றும் பார்வையற்ற மாணவர்களை உயர்கல்விக்குத் தயார் செய்கிறது. கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்தில் 1987-இல் பார்வையற்றோருக்கான கணினியியல் முன்னோடித் திட்டம் தொடங்கியது. ஆசிரியரும் பாடத்திட்டமும் இல்லாத இடத்தில் பேசும் கணினியும் மூலையில் கிடக்கும்.

குரலுக்கு யார் செலவு செய்வது?

இந்த மென்பொருள்களில் பல இலவசம். இலவசம் என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. க்னோம் டெஸ்க்டாப்புக்கு முதலில் வந்த ஸ்கிரீன் ரீடரான நோபர்னிகஸை உருவாக்கியது பாவும் என்ற ஜெர்மன் உதவிக்கருவி நிறுவனம். 2006-இல் அதன் இடத்துக்கு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய ஓர்கா வந்தது. 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபின், அந்தப் பணிக்கான ஆதரவு சுருங்கியது. ஓர்காவைப் பராமரித்துவரும் ஜோன்மேரி டிக்ஸ் போன்ற ஒரு சிலரின் விடாமுயற்சியால்தான் ஓர்கா இன்றும் பேசுகிறது. உலகெங்கும் லினக்ஸைப் பயன்படுத்தும் பார்வையற்றோரின் வேலையும் படிப்பும் ஒரு சிலரின் தோள்மேல் நிற்கும் நிலை நல்லதல்ல.

இதற்கிடையே அடித்தளமும் மாறிவந்தது. திரையை வரையும் பழைய எக்ஸ் அமைப்பிலிருந்து லினக்ஸ் உலகம் வேலேண்ட் என்ற புதிய அமைப்புக்குப் போகிறது. பாதுகாப்புக்காக, ஒரு மென்பொருள் இன்னொன்றின் விசை அழுத்தங்களைக் கவனிப்பதை வேலேண்ட் தடுக்கிறது. ஆனால் ஸ்கிரீன் ரீடர் வேலை செய்ய அதுவே தேவை. இந்த இடத்தில் ஜெர்மன் அரசு செய்தது குறிப்பிடத் தக்கது. அப்போது பொருளாதார அமைச்சகத்தின் நிதியில் இயங்கிய சாவரின் டெக் ஃபண்ட், 2023 நவம்பரில் க்னோம் திட்டத்துக்கு 10 லட்சம் யூரோ அறிவித்தது. அதில் ஒரு பகுதி, இந்த அணுகல் அடித்தளத்தைப் புதிதாக அமைக்கும் முயற்சிக்கும் ஓர்காவைச் செப்பனிடவும் போனது. சாலையைப் போல, பாலத்தைப் போல, பேசும் கணினியின் அடித்தளமும் பொதுச் சொத்து என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

சட்டமும் துணை நிற்கிறது. ஐரோப்பிய அணுகல் சட்டத்தைப் பின்பற்றி ஜெர்மனி இயற்றிய சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோருக்கு விற்கப்படும் கணினிகளும் அவற்றின் இயங்குதளங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் தன் நிர்வாகத்தின் சுமார் 30,000 பணியிடங்களைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்ற 2024-இல் முடிவெடுத்தது. அப்படிப்பட்ட மாற்றத்தில் பார்வையற்ற ஊழியரின் மேசையும் அதே நாளில் அதே அளவுக்கு இயங்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பத்தை அணுகத்தக்கதாக ஆக்கும் கடமையை அரசின்மேல் வைக்கிறது. டிஜிட்டல் அணுகல், வாழ்வுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் 21-ஆவது கூறில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுப்பதில் தமிழ்நாடு 2011-லிருந்தே முன்னே நடந்த மாநிலம். 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாக அறிவிப்பு வந்தது. அவர்களில் பார்வையற்ற மாணவர்களும் இருப்பார்கள்.

அவர்களுக்காகத் தனித் திட்டம் வகுத்துக் காலம் கடத்த வேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளியில் ஒரே ஒரு சோதனையைச் சேர்த்தால் போதும். பார்வையற்ற மாணவர் ஒருவரிடம் புதுக் கணினியைப் பெட்டியோடு கொடுக்க வேண்டும். அதைத் திறந்து, இயக்கி, குரலைத் தொடங்கி, தன் பெயரில் கணக்கு உருவாக்கி, தமிழில் ஒரு கடிதம் எழுதி, பிழை பார்த்து, மின்னஞ்சலில் அனுப்பும் வரை பார்வையுள்ள எவரும் கைகொடுக்கக் கூடாது. குரலை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, அவரே மீட்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். எங்கே தடுக்கிறதோ அங்கே விற்பவர் சரிசெய்து தர வேண்டும்.

இந்தச் சோதனைக்குத் தேவையான தொழில்நுட்பம் பல ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது. பெரும்பகுதி இலவசமாகவும் இருக்கிறது. இதில் தேறாத கணினியை, பொதுப் பணத்தில் எந்த அரசும் வாங்கக் கூடாது.